ஒரே பந்து, இரண்டு பை

மே 12, 2025 – திங்கள்

காலையில் மோட்டார் போட்டேன். தெருத்தெருவாக வால்வு திறந்தேன். நாலு பேரிடம் திட்டு வாங்கினேன். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டராக இருப்பதில் ஒரு சௌகரியம்: திட்டு வாங்க எங்கேயும் அலைய வேண்டாம், குழாயடியிலேயே கிடைக்கும்.

மதியம் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். மதகு ஓரம் ஒரு குட்டை மட்டும் மிச்சம். மற்ற இடமெல்லாம் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு மாசி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, ஏரி காஞ்சிப் போச்சின்னு ஊரே பொலம்புது, நீ மட்டும் சிரிச்சிக்கினு நிக்கிற? தண்ணி வுட்றவன் பண்ற வேலையாடா இது?"

சிரித்தேனா என்ன? இருக்கும். அந்தக் குட்டையும் வற்றிவிட்டால் ஆறாவது குழி தயார்.

மே 18 – ஞாயிறு

சிவகுமார் போன். "ஜூன் ஒம்பது, திங்கக்கெயம. முடிவாயிடுச்சி. லேட்டா வந்தா வெளியே நிக்க வெச்சிடுவேன்." எப்போதும் திங்கட்கிழமைதான். அவன் வேலை பார்க்கும் கோல்ஃப் கிரவுண்டுக்கு அன்றுதான் விடுமுறை.

நாங்கள் ஆறு பேரும் ஒரு காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரே கோல்ஃப் கிரவுண்டில் வேலை பார்த்தவர்கள். நான், சிவகுமார், ஆல்பர்ட் மூவரும் ஆட வருகிறவர்களின் ஸ்டிக் பையைத் தூக்கினோம். சுகிர்தா, பவளம், மலர்க்கொடி மூவரும் புல்லில் களை பிடுங்கினார்கள். பெரிய மனுஷர்கள் அடித்த பந்து எந்தப் புதரில் விழுந்தது என்று கண்ணாலேயே பிடித்து வைக்க வேண்டும்; கேவலமாக அடித்தாலும் "நல்ல ஷாட் சார்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் நான் கெட்டிக்காரன். அப்புறம் அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. எல்லோரும் ஊர் திரும்பினோம், சிவகுமார் மட்டும் வேறு கிரவுண்டில் போய் ஒட்டிக்கொண்டான். கொஞ்ச வருஷத்தில் கை ஊற ஆரம்பித்தது. அப்படித்தான் வந்தது இந்தப் போட்டி. வருஷத்துக்கு ஒரு நாள், எங்கள் ஏரி காய்ந்து கிடக்கும்போது, காய்ந்த ஏரிக்குள்ளேயே, ஆறு குழி தோண்டி.

மூன்று ஆண், மூன்று பெண், மூன்று ஜோடி. ஜோடிக்கு ஒரே பந்து. ஒரு அடி நான் அடித்தால் அடுத்தது அவள். அவள் முள்ளில் போட்டால் நான் முள்ளிலிருந்துதான் அடித்தாக வேண்டும். கல்யாணமும் இதுதான், ஆனால் இதில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

பந்து ஆட்டின் மேல் பட்டால் மறுபடி அடிக்கலாம், மாசியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. பெரிய சட்டம் ஒன்றே ஒன்று: அன்றைக்கு யாரும் இன்னொருவர் பையைத் தூக்கக் கூடாது. ஆயுசுக்கும் தூக்கியாயிற்று. தூக்கினால் அந்த ஜோடியின் கணக்கில் ஒரு அடி ஏறும்; குறைந்த அடியில் முடிக்கிறவர்களுக்குத்தான் ஜெயம். இதுவரை ஒருத்தரும் மீறியதில்லை.

ஜோடி சேர்ப்பது குலுக்கலில். பெண்கள் ஆளுக்கொரு பந்தில் குறி போட்டு மஞ்சள் பைக்குள் போடுவார்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கை விட்டு எடுக்க வேண்டும். எனக்கு எல்லா வருஷமும் சுகிர்தா பந்துதான் வரும். "இன்னா ராசிடா உனக்கு!" என்று ஆல்பர்ட் வாயைப் பிளப்பான். ராசியாவது ஒன்றாவது. அவள் பந்தில் ஒரு வெட்டு உண்டு. கட்டை விரலால் தடவினால் தெரியும். அந்தக் கிழட்டுப் பந்தை அவளும் மாற்றுவதில்லை. கஞ்சம். எனக்கு வசதி.

மே 23 – வெள்ளி

வால்வுக்கு வாஷர் வாங்கக் காஞ்சிபுரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் சுகிர்தா, அவள் ஊர் ராஜகுளத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா சின்னப்பையா, இன்னும் வளர்லியா நீ?" என்றாள். வருஷாவருஷம் இதையேதான் கேட்கிறாள். ஐம்பதைத் தொடப்போகிறவனுக்குச் சின்னப்பையன் என்று பெயர் இருந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? தலையில் முடி போனது, வாயில் இரண்டு பல் போனது, பெயர் மட்டும் போகவில்லை.

கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மகளைப் பற்றிச் சொன்னாள். "சோபியா கூப்ட்றா. பெங்களூருக்கு. கொயந்தைய பாத்துக்க ஆள் இல்லியாம். வூட்ட காலி பண்ணிக்கினு வந்துடும்மான்றா."

"எப்போ?"

"ஆட்டம் முடிஞ்சி. இந்தத் தபா ஆடிட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டேன்."

"நல்ல விஷயம்தான்" என்றேன். நல்ல ஷாட் சார் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் வேறெதைச் சொல்லும்?

வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

மே 24 – சனி

வாஷர் வாங்க மறுபடியும் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஜூஸ் கடைக்காரர், "அம்மா வர்ல?" என்றார். அவருக்கு எதற்கு இந்த வேலை.

மே 29 – வியாழன்

மாசியிடம் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது ஆடுகளுக்கே தெரிந்திருக்கும்.

"நேரா கேட்டுட வேண்டிதான. ‘போவாத, என் கூட இரு’ன்னு சொல்லு. நாலு வார்த்த. அதுக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?"

நாலு வார்த்தைதான். என் மனைவி முனியம்மாள் போய் எட்டு வருஷம் ஆகிறது. சுகிர்தா வீட்டுக்காரர் அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். தடுக்க யாருமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், நான் ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறவன். ஏசுவுக்கும் மாரியாத்தாளுக்கும் ஒத்துப்போய்விடும். என்மேல்தான் இரண்டு பேருக்கும் நம்பிக்கை இருக்காது. பேத்தி எடுத்தவளிடம் போய் இதைக் கேட்டால் சிரிப்பாள். சிரித்தால் பரவாயில்லை, அதைத்தான் இத்தனை வருஷமாகச் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காமல் என்னைப் பார்த்தால்?

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவன் நம்பவில்லை.

ஜூன் 1 – ஞாயிறு

மழை. கோடை மழை, கொட்டு கொட்டென்று. ஊர் முழுக்கச் சந்தோஷம். நான் மட்டும் குடையோடு ஏரிக்கு ஓடினேன். குட்டை பெருசாகிவிட்டது. ஆறாவது குழியைக் காணோம். போதும்டா சாமி, நிறுத்து.

ஜூன் 5 – வியாழன்

வெய்யில் அடித்தது. குழி தெரிகிறது. தண்ணீர் ஆபரேட்டர் வேலையிலிருந்து என்னைத் தூக்க வேண்டும் என்றால் இந்த டைரியைக் காட்டினாலே போதும்.

ஜூன் 8 – ஞாயிறு

எதிர் வீட்டுப் பவளமும் சாலவாக்கத்திலிருந்து வந்த மலர்க்கொடியும் ஆறு குழியைச் சுற்றியும் சாணி போட்டு மெழுகினார்கள். களத்து மேடு மாதிரி வழவழவென்று இருக்கிறது. பந்து ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் பணக்காரன் புல்லெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். சவுக்குக் கழியில் பழைய புடவை கிழித்துக் கொடி கட்டினேன். போன வருஷம் சிவகுமார் ஜோடி ஜெயித்துக்கொண்டு போன எவர்சில்வர் தூக்கு திரும்பி வந்துவிட்டது. அதுதான் எங்கள் கோப்பை. மூடி என்றைக்கோ ஏரியில் தொலைந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் சிவகுமார் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே புத்தம் புதுப் பந்துகள். அங்கே யாரோ கொடுத்தாராம். "நாளிக்கி எல்லாம் புது பந்துதான். அந்தக் கெயட்டுப் பந்தெல்லாம் தூக்கிக் கடாசுங்க."

"பழசே நல்லா கீதேடா" என்றேன்.

"உனுக்கு எல்லாமே பழசுதான் புடிக்கும்" என்றாள் மலர்க்கொடி. சொல்லிவிட்டுப் பவளத்தைப் பார்த்துக் கண்ணடித்தாள். எந்தப் பழசைச் சொன்னாளோ. இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

எல்லாப் பந்தும் ஒரே மாதிரி. வெட்டு இல்லை, கீறல்கூட இல்லை. கடைசி வருஷம் பார்த்து இப்படி ஆகணுமா?

ஜூன் 9 – திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

சுகிர்தா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். புடவை, கான்வாஸ் ஷூ, முட்டிக்கு மேலும் கீழும் கட்டு. தோளில் சோபியாவின் பழைய நீல நிறப் பள்ளிக்கூடப் பை, அதிலிருந்து மூன்று ஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தது. என் பை யூரியாச் சாக்கில் நானே தைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நல்ல ஜோடி. பைகளைச் சொல்கிறேன்.

குலுக்கல். முதலில் எடுப்பது எப்போதும் நான்தான். "சின்னப்பையன் மொதல்ல" என்பதுதான் என் பெயருக்குக் கிடைக்கும் ஒரே மரியாதை. கண்ணை மூடி மஞ்சள் பைக்குள் கை விட்டேன். மூன்றும் முட்டை மாதிரி வழவழவென்று இருந்தன. ஒன்று, மறுபடியும் ஒன்று — மூன்றாவது என் விரலில் வழுக்கியது. பிசுபிசுப்பு. எடுத்துவிட்டேன்.

பந்தில் சிலுவைக் குறி. சுகிர்தா.

"அட்ரா! இன்னா ராசிடா உனக்கு!" ஆல்பர்ட்.

கையை முகர்ந்து பார்த்தேன். தைலம். முட்டிக்குத் தேய்க்கும் தைலம். நிமிர்ந்து பார்த்தால் அவள் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வெய்யிலு ஏறுதுல்ல" என்றாள் யாரிடமோ.

அப்படியென்றால் அந்த வெட்டு விழுந்த பந்து? இத்தனை வருஷமாக? கஞ்சம் என்று எழுதி வைத்திருக்கிறேனே. மடையன். மடையன்டா நீ.

அதற்குப் பிறகு எனக்கு ஆட்டம் எங்கே வரும்? முதல் அடியே மாசியின் கிடாய் மேல். "வருஷா வருஷம் என் ஆட்டையே குறி வெச்சி அடிக்கிறியே, அது உனுக்கு இன்னாடா பாவம் பண்ணிச்சி?" மன்னிப்புக் கேட்டேன். கிடாய் ஏற்கவில்லை. இரண்டாவது குழியில் பந்து கோரையில் விழுந்தது. சுகிர்தா அடிக்கப் போனவள் குனிந்து, சுற்றியிருந்த கோரையைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். விரல் பழக்கம். மலர்க்கொடி கத்தினாள்: "ஏண்டி, கூலியா குடுக்கப் போறாங்க? அடிடீ!" நான் மட்டும் என்ன? அவள் அடித்து முடித்ததும் ஸ்டிக்கை வாங்கித் துண்டால் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

அவள் நடை பார்க்கச் சகிக்கவில்லை. நாலாவது குழிக்குப் போகும்போது இரண்டு முறை நின்றாள். பையைத் தோள் மாற்றினாள். என் கை தன்னால் நீண்டது. "தூக்காத" என்றாள். "ஒரு அடி ஏறும். கடசி ஆட்டம், ஜெயிக்கணும்." சட்டைப் பையில் கையைப் போட்டுக்கொண்டேன்.

ஆல்பர்ட்–மலர்க்கொடி ஜோடி பந்துகளைத் தொலைத்துவிட்டுச் சண்டையில் இருந்தது. அஞ்சாவது குழி முடியும்போது நாங்களும் சிவகுமார்–பவளம் ஜோடியும் சமம்.

ஆறாவது. சுகிர்தா அடித்தாள். லாரிக்காரர்கள் மண் அள்ளின பள்ளத்தில் போய் விழுந்தது. "ஐயோ, உன்ன குழில தள்ளிட்டேனே" என்றாள். பையைக் கரையில் வைத்துவிட்டு ஒரு ஸ்டிக்கோடு நான் கீழே இறங்கினேன். ஆள் உயரப் பள்ளம். உள்ளேயிருந்து வானம் மட்டும்தான் தெரிந்தது. இதற்கு மேல் எங்கே போகப் போகிறோம் என்று ஒரு வீச்சு வீசினேன். மேலே "ஓ"வென்று சத்தம். பந்து மெழுகின தரையில், கொடிக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. என் ஆயுசிலேயே நல்ல அடி, நான் பார்க்கவில்லை.

மண்ணைப் பிடித்து ஏறித் தலையை வெளியே நீட்டினேன். கரையில் என் பை இல்லை.

சுகிர்தா முன்னால் நடந்துகொண்டிருந்தாள். ஒரு தோளில் நீலப் பை. இன்னொரு தோளில் என் யூரியாச் சாக்கு.

"ஏய்! தூக்கிட்டா! பெனால்டி!" மலர்க்கொடி.

சிவகுமார் அவள் பக்கம் ஓடினான். "சுகிர்தா... மறந்துட்டியா? அது அவன் பை."

"தெரியும். கண்ணு நல்லாத்தான் கீது."

"ஒரு அடி ஏறும்மா. தோத்துடுவீங்க."

"ஏறட்டும்."

நிற்கவில்லை. நொண்டிக்கொண்டே நடந்தாள். எத்தனையோ பேர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறேன். என் பையை இன்னொருவர் தோளில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கினேன். ஆல்பர்ட் வந்து கை கொடுத்து ஏற்றினான். சட்டை மண்ணைத் தட்டிவிட்டான், நல்லவன்.

அவள் ஒரே தட்டில் பந்தைக் குழியில் போட்டாள். ஒரு அடியில் தோற்றோம். தூக்கு மறுபடி சிவகுமாருக்கு.

பிரியாணி சாப்பிடும்போது பக்கத்தில்தான் இருந்தாள். நாலு வார்த்தை. தயாராக வைத்திருந்த நாலு வார்த்தை. நான் கேட்டது: "முட்டி எப்படி கீது?"

"கீது" என்றாள்.

ஆட்டோ வந்துவிட்டது.

கையில் இன்னும் தைலம் வாசனை. கழுவவில்லை.

ஜூன் 10 – செவ்வாய்

பை மாறிவிட்டது. ஆணியில் தொங்குவது நீலப் பை. சாக்கை அவள் கொண்டுபோய்விட்டாள்.

ஒன்று நீலம், ஒன்று வெள்ளைச் சாக்கு. எப்படி மாறும்?

ஜூன் 21 – சனி

இன்று போய்விட்டாள். பஸ் ஏற்றிவிடக் காஞ்சிபுரம் போகலாம் என்று சட்டை மாற்றினேன். கிளம்பும் நேரம் பார்த்து மோட்டார் புகைந்துவிட்டது. வேறு நாளே கிடைக்கவில்லையா அதற்கு? ஆள் வந்து சரி செய்வதற்குள் பஸ் வேலூரே தாண்டியிருக்கும்.

திட்டினார்கள். இன்றைக்குக் காதிலேயே விழவில்லை.

ஜூலை 27 – ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போன் செய்கிறாள். வாராவாரம். கொயந்தைக்குச் சளி, குளிரு, அங்கே தண்ணி காசு கொடுத்து வாங்குகிறார்கள் — இப்படி. கடைசியில் ஒரே கேள்வி: "ஏரி எப்டி கீது?"

"காஞ்சி கீது."

"சரி" என்பாள். அதில் ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 16 – சனி

ஆல்பர்ட் தங்கை பையன் சக்திவேல் பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போகிறான். "மாமா, உன் பை அங்க கீதாமே? நான் எடுத்தாறட்டா?"

"வேணாம்."

"சும்மா லாரில போட்டுக்கினு வரப்போறேன், இன்னா கஷ்டம்?"

"ஒருத்தர் பைய இன்னொருத்தர் தூக்கக் கூடாது, சட்டம்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 22 – புதன்

மழை பிடித்துக்கொண்டது. முதல் குழியும் மூன்றாவதும் தண்ணீருக்குள். கொடிக் கழி மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 5 – வெள்ளி

ஏரி நிறைந்துவிட்டது. கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வெளியே போகிறது. ஊரே கரையில். பட்டாசு வெடித்தார்கள், மாசி ஒரு ஆடு வெட்டினான், என் பகையாளிக் கிடாய்தான். ஊராட்சித் தலைவர் என் தோளில் தட்டி, "இன்னாப்பா, இந்த வருசம் உனக்குத் திட்டு கொறயும்" என்றார். சிரித்தேன். ஆறு குழிக்கு மேலும் தண்ணீர். வற்ற ஆறு மாசம். ஊரே கும்பிடுகிற தண்ணீரை ஒருத்தன் மட்டும் எப்போது போவாய் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெளியே சொன்னால் உதைப்பார்கள்.

டிசம்பர் 7 – ஞாயிறு

"ஏரி எப்டி கீது?"

"ரொம்பிடுச்சி."

பின்னால் குழந்தை அழும் சத்தம். "ரொம்பிடுச்சா" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 28 – ஞாயிறு

இன்று போனில் அவள் இல்லை, சோபியா.

"அங்கிள், கதவு பின்னால ஒரு யூரியாச் சாக்கு மாட்டி வெச்சிருக்காங்க அம்மா. பாப்பா இழுத்தாக்கூட திட்றாங்க. இன்னா அங்கிள் அதுல?"

"மூணு ஸ்டிக்கும்மா. அதுலயும் ஒண்ணு கோணல்."

"அவ்ளோதானா?" அப்புறம், "பாப்பாவ ஜனவரிலேர்ந்து பகல்ல ஒரு எடத்துல வுடப்போறோம் அங்கிள். அம்மாவ இங்கியே இருன்னேன். பைய குடுக்கணும்றாங்க. கொரியர்ல அனுப்பலாமேன்னேன். என்ன மொறைக்கிறாங்க."

"உங்கம்மா சட்டம் தெரிஞ்சவங்க" என்றேன். அந்தப் பெண் சிரித்தது. அம்மா மாதிரியே.

ஜனவரி 18, 2026 – ஞாயிறு

"வியாயக்கெயம வரேன்" என்றாள்.

"ஏரி ரொம்பி கீது சுகிர்தா. எங்க ஆட்றது?"

"ஆட வரேன்னு யாரு சொன்னது? பைய குடுக்க வரேன்."

"குடுத்துட்டு?"

சரி, கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாள்: "ஏன், அத்த மாட்ட எடம் இல்லியா உன் வூட்ல?"

"கீது" என்றேன். ஒரே வார்த்தைதான். அதையாவது சரியாகச் சொன்னேன்.

ஜனவரி 21 – புதன்

வால்வு திறக்க அரை மணி தாமதம். நாலு பேர் திட்டினார்கள். எல்லோரும் நல்லா இருங்க என்றேன். பயந்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கிறது. இருக்கட்டும். மெதுவாகவே வற்றட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

கதவோரம் சுவரில் ஒரே ஆணிதான் இருந்தது, அதில் அவள் நீலப் பை. சுத்தியல் சத்தம் கேட்டு மாசி எட்டிப் பார்த்தான். "இன்னாடா பண்ணிக்கினு கீற?"

பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.